ஸ்டோர் சாவி யார் கையில்?

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?"

செம்பனைத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே பாடம் படிக்க வேண்டிய நிலை வந்ததல்லவா? அப்போது அங்கே இங்கே கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட மேசைக் கணினி அது.

"தொறந்தா நல்லாத்தான் தொறக்குது. ஆனா ஆதரவு முடிஞ்சு போச்சுன்னு என்னமோ எழுதி வருது. புதுசு வாங்குன்னு மவன் சொல்றான். வாங்குற மாதிரியா தம்பி இருக்கு நெலம?"

2025 பிப்ரவரி முதல் நாள் தொடங்கி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அரிசி, பருப்பு, பிள்ளையின் பஸ் காசு என்று கணக்குப் பார்க்கும் வீட்டில், புதுக் கணினி என்பது விளையாட்டுக் காரியமா? ஆனால் தோழர்களே, எனக்குத் திக்கென்றது அந்த அறிவிப்பைக் கேட்டு அல்ல. அடுத்து நான் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலைக் கேட்டுத்தான்.

"இத யாரு யாருக்கா தொடுறீங்க?"

"எல்லாருந்தான். மவ படிக்கிறா, சின்னவன் கேம் ஆடுறான், நான் பிராவிடன் பண்டு கணக்குப் பாப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் வரும்."

"பூட்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"பூட்டா? பொத்தான அமுக்குனா நேரா உள்ளாற போயிடும் தம்பி."

அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன தெரியுமா? பிள்ளைகளின் பிறப்புப் பத்திரப் படங்கள். மகளின் மேற்படிப்பு மனுவுக்கான தாள்கள். காலமான கணவரின் படங்கள், வேறெங்கும் நகல் இல்லாதவை. சேமநிதிக் கணக்கின் கடவுச்சொல்லும் அதிலேயே பதிந்து கிடந்தது. ஒரு பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அப்படிச் சேர்த்த பொருளை, கதவில்லாத வீட்டில் வைப்போமா?

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்களைப் பேசுவோம். பழைய கணினிக்குப் புது உயிர் கொடுப்பது ஒன்று. அதில் ஆளுக்கொரு கதவும் சாவியும் வைப்பது மற்றொன்று.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

கணினி வெறும் இரும்புப் பெட்டி. அதை வேலை வாங்குவது இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருள். தோட்டத்துக்கு நிர்வாகம் எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதன் 10ஆம் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பெயர் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும், பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக அறிவித்தார்கள்.

ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார்கள். ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12ஆம் நாள் சாட்சி. 'வான்னகிரை' என்ற நச்சு நிரல் அன்றைக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 150 நாடுகளின் கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 11க்குப் போகலாமே என்பீர்கள். போகலாம், கணினி இடம் கொடுத்தால். அதற்கு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும். இவை கூடப் பரவாயில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்பதில்தான் பழைய கணினிகள் பலவும் தோற்றுப்போகின்றன. அக்காவின் கணினியும் தோற்றது.

இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். 1991இல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கிய வேலை அது. உலகம் முழுவதும் உள்ள நிரலர்கள் கைகோத்து வளர்த்தார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் பல வகை உண்டு. புதியவர்களுக்குப் பழக எளிதான ஒன்று லினக்ஸ் மின்ட். 2 ஜி.பி. நினைவகத்திலும் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் தாராளம். பழைய பெட்டிகளுக்கு அதன் 'எக்ஸ்.எஃப்.சி.ஈ.' வகை இலேசானது. 2024இல் வந்த 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விண்டோஸுக்கென்றே செய்த சில விளையாட்டுகளும் மென்பொருள்களும் இதில் ஓடா. இணையம், எழுத்து வேலை, கணக்கு, படம், பாட்டு இவற்றுக்குக் குறையில்லை.

முதலில் பாலை ஊற்று, பிறகு வாளியைக் கழுவு

வெட்டிய பாலை நிறுத்து ஊற்றுமுன் வாளியைக் கழுவுகிறவர் உண்டா? புது இயங்குதளம் போடும்போது பழைய வட்டு சுத்தமாகத் துடைக்கப்படும். ஆகவே முதல் வேலை, வேண்டியதையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகல் எடுப்பது. எடுத்துவிட்டேன் என்று இருந்துவிடாதீர்கள். வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் நகல். பிறப்புப் பத்திரம் போன்றவற்றை இரண்டு இடத்தில் வைப்பது இன்னும் நல்லது.

அடுத்து, லினக்ஸ் மின்ட் திட்டத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். நண்பன் அனுப்பினான், எங்கேயோ கிடைத்தது என்பதெல்லாம் வேண்டாம். சொந்தத் தளத்திலிருந்து இறக்கினாலும் சரிபார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20ஆம் நாள் அந்தத் தளத்துக்குள்ளேயே திருடன் புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்பு ஒன்றுக்கு மக்களைத் திருப்பிவிட்டான். அன்று இறக்கியவர்களில் சிலர் நல்லதென்று நம்பிப் பாம்பை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து கொண்ட சரிபார்ப்புக் கோவை ஒன்று உண்டு. திட்டத்தார் கையொப்பமிட்டு வெளியிடும் பட்டியலில் அது இருக்கும். நீங்கள் இறக்கிய கோப்பின் கோவையும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். சரிபார்க்கும் முறை அந்தத் தளத்திலேயே விளக்கப்பட்டிருக்கிறது. இடைநிலைப் பள்ளி போகும் பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

இறக்கிய கோப்பை 'எட்சர்' அல்லது 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளைக் கொண்டு ஒரு காலி பென்டிரைவில் எழுத வேண்டும். 8 ஜி.பி. போதும். நகல் எடுத்து வைத்த பென்டிரைவில் எழுதிவிடாதீர்கள், அதில் இருப்பது அத்தனையும் போய்விடும்! பிறகு பென்டிரைவைச் செருகி, கணினியை முடுக்கியவுடன் எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் இவற்றில் ஒன்றைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். கணினிக்குக் கணினி இந்தப் பொத்தான் மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

உடனே 'இன்ஸ்டால்' போய் அழுத்த வேண்டாம். வட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று அரை நாள் பழகிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவை உருவிவிடலாம், பழையது பழையபடியே இருக்கும். பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். மொழி, விசைப்பலகை, நேரம் என்று கேட்டுக்கொண்டே வரும். 'வட்டை அழித்துவிட்டு நிறுவு' என்ற இடத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டு, "நகல் எடுத்தாச்சா?" என்று வாய்விட்டு ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தாண்டினால் திரும்பி வரும் வழி இல்லை.

வட்டு முழுவதையும் பூட்டும் வசதியும் அந்தக் கட்டத்திலேயே உண்டு. கணினி திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி அது காக்கும். அந்தப் பூட்டு இல்லாவிட்டால், பெட்டியைத் தூக்கிப் போனவன் இன்னொரு பென்டிரைவைச் செருகி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் அதன் சொல்லை மறந்தால் உங்களுக்கும் கதவு திறக்காது. இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

சாவி எத்தனை, யார் யாருக்கு?

இப்போதுதான் முக்கியமான இடம். நிறுவும்போது உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பலரும் அவசரத்தில் ஒரு பெயரைத் தட்டி, '123456' என்று போட்டு, 'கேட்காமலே உள்ளே விடு' என்பதையும் அழுத்திவிடுகிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

நம் தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். உரமும் புல் மருந்தும் உள்ளே இருக்கின்றன. அதற்குப் பூட்டு உண்டு. சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கும். மருந்தடிக்கிறவர்களுக்கு வேண்டிய அளவை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டுவார்கள். வேலைக்காரர்களை நம்பாததாலா? இல்லை. கை தவறினால் ஆபத்து பெரிது, அதனால்தான். சாவிப் பொறுப்பில் இருப்பவரும் அந்தக் கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பாசாருக்குப் போவதில்லை.

கணினியிலும் அப்படித்தான். இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று நிர்வாகிக் கணக்கு. மென்பொருள் சேர்க்கலாம், நீக்கலாம், மற்றவர் கணக்கையே அழிக்கலாம். மற்றொன்று சாதாரணக் கணக்கு. படிக்கலாம், எழுதலாம், இணையம் போகலாம். ஸ்டோரைத் திறக்க முடியாது. நிறுவும்போது முதலில் உண்டாகும் கணக்கு எப்போதும் நிர்வாகிக் கணக்கு. விண்டோஸிலும் இதே கதைதான். விண்டோஸிலேயே தொடர்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

ஆகவே நான் சொல்லும் முறை இது. முதல் கணக்குக்கு 'ஆபீஸ்' என்று பெயர் வையுங்கள். அதை ஸ்டோர் சாவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'யூசர்ஸ் அண்டு குரூப்ஸ்' என்ற இடத்துக்குப் போய், அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று புதுக் கணக்கு திறந்து, வகை கேட்கும்போது 'ஸ்டாண்டர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுத் தலைவரும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏதாவது நிறுவ வேண்டி வந்தால் திரையில் ஒரு சிறு பெட்டி எழும்பி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்போது கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விருந்தினர் நுழைவு உண்டு. அவர்கள் வெளியேறியதும் அவர்கள் செய்ததெல்லாம் அழிந்துவிடும்.

இதனால் என்ன இலாபம் என்று கேட்பீர்கள். சின்னவன் ஏதோ ஒரு கேமை இறக்கி, அதற்குள் நஞ்சு இருந்ததாக வைத்துக்கொள்வோம். அவன் கணக்கில் இருப்பது கெடலாம். அக்காளின் மனுவையும் அம்மாவின் பத்திரங்களையும் அது எளிதில் எட்ட முடியாது. எல்லாரும் ஒரே கணக்கில் இருந்தால் ஒருவர் தடுக்கினால் குடும்பமே விழும். உலாவியில் பதிந்து வைக்கும் கடவுச்சொற்களும் அவரவர் கணக்கோடு நின்றுவிடும். இன்னும் ஒரு வேலை: ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கோப்புறையின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, மற்றவர்களுக்கு 'ஒன்றுமில்லை' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்?

கணினியில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கும் பழக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெரிய கணினி ஒன்று, பங்குபோட்டுக்கொள்ள ஆட்கள் பல. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. 1962இல் அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒரே கோப்பில் அப்படியே எழுதிக் கிடந்தது. அவர் அதைத் தாளில் அச்சடித்துக்கொண்டு மற்றவர் நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டார்! அந்தப் பாடத்தைக் கற்ற இன்றைய இயங்குதளங்கள் சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. உருமாற்றித்தான் வைக்கின்றன. ஆனால் '123456' போன்ற சொல்லை ஊகிக்க உருமாற்றத்தை உடைக்க வேண்டியதே இல்லை.

அடையாளக் கார்டு எண் வேண்டாம். அதன் முதல் ஆறு எண்ணும் பிறந்த தேதிதானே. பிள்ளை பெயர், வண்டி எண் இவையும் வேண்டாம். நீளமாக இருக்கட்டும். ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்களை எடுத்துக் கோருங்கள்: முருங்கை, சைக்கிள், ஆந்தை, புதன் என்பதைப் போல. (இதையே வைத்துவிடாதீர்கள்!) இங்கிலீஷ் எழுத்தில் தட்டுங்கள். நுழையும் திரையில் தமிழ் விசை இருக்காமல் போகலாம். மாதா மாதம் மாற்ற வேண்டும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணயக் கழகமே 2017இல் அந்த ஆலோசனையைக் கைவிட்டது. கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்கள் என்பது அனுபவம். வெளியே தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

"எனக்கு ஞாபகம் நிக்காது தம்பி" என்பவர்கள் தாளில் எழுதி, நகையும் பத்திரமும் வைக்கும் அலமாரியில் பூட்டி வையுங்கள். அதில் தவறில்லை. திரையில் ஒட்டி வைப்பதுதான் தவறு.

பூட்டிய பிறகும் சில கடமைகள்

திரையின் ஓரத்தில் கேடயம் போல ஒரு சின்னம் தெரியும். திருத்தம் வந்திருக்கிறது என்றால் அது காட்டும். வாரம் ஒருமுறை சம்பளக் கணக்குப் பார்ப்பதுபோல் பார்த்துப் போட்டுவிடுங்கள். 'டைம்ஷிப்ட்' என்ற வசதி இயங்குதளம் கெட்டால் முந்தைய நிலைக்குத் திருப்பும். ஆனால் அது வழக்கமாக உங்கள் படங்களையும் தாள்களையும் காக்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள். கட்டிக்கொடுத்துப் போன பெண், ஊர் மாறிப்போன தம்பி இவர்களின் கணக்கு சும்மா கிடந்தால், கோப்புகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை பூட்டு போட்டாலும் நாமே சாவியை நீட்டினால் என்ன செய்வது? "கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இதை இறக்குங்கள், நாங்கள் அங்கிருந்தே பார்க்கிறோம்" என்று போனில் யாராவது கூப்பிட்டால், போலீஸ் என்றாலும் பேங்க் என்றாலும், வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் நல்லவன் கிடையாது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 997. உடனே கூப்பிட்டால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அக்கா வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளும் நானும் உட்கார்ந்தோம். நகல் எடுக்கத்தான் காலை முழுவதும் ஆனது. நிறுவுவது முக்கால் மணியில் முடிந்தது. கணக்கு நான்கு திறந்தோம். 'ஆபீஸ்' கணக்கின் சொல்லை அக்காவே யோசித்து, அவரே தட்டினார். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சின்னவன் முகம் தொங்கிப்போய் இருந்தது.

"ஏதோ கேம் போடணுமாம் தம்பி. ஆபீஸ் நம்பர் கேக்குதுன்னு வந்து நின்னான். எங்கேருந்து எறக்குனேன்னு கேட்டேன். சொல்லத் தெரியல. அப்ப முடியாதுன்னுட்டேன்" என்றார் அக்கா.

"கோவிச்சுக்கிட்டானாக்கா?"

"கோவிச்சா கோவிக்கட்டும். அவங்கப்பா படம் அதுலதான இருக்கு?"

தோழர்களே, உங்கள் வீட்டில் ஸ்டோர் சாவி யார் கையில் இருக்கிறது? இன்று பெரட்டு முடிந்து, வேலை முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளைக் கூப்பிட்டு அதை முதலில் கேளுங்கள்.